சாரல் மாதத்துச் சாவி

அம்மாவைத் தொழுவத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனோம். அவள் வாடகை கொடுத்த வீட்டின் வாசல் வழியாக விடவில்லை. பின்பக்கச் சந்து வழியாகத்தான் போனோம். வாசலில் அருவிச் சீசனுக்கு வந்த மதுரைக்காரர்களின் ஈரத்துணி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சந்து முனையில் குடையோடு நின்று, அழுதுகொண்டு வந்த பெண்களிடம் சொன்னார்:

“கொஞ்சம் மெள்ள அழுங்க தாயீ. உள்ள ஆளு இருக்காவ. பயந்துபோயி பாதியில கெளம்பிருவாவ.”

அதுதான் அவருடைய துக்க விசாரிப்பு.

அம்மாவின் பெயர் முப்பிடாதியம்மாள். சொந்த ஊர் இலத்தூர். அப்பா இறந்ததும் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு குற்றாலம் வந்தாள். அருவிக்குப் போகும் பாதையில் ஆவுடையப்பனுக்கு மூன்று வீடுகள். அவற்றில் சிறியதை வாடகைக்குப் பிடித்து இட்லி விற்றாள். குடிவந்த அன்றே அடுக்களைத் தரையைத் தோண்டி, இலத்தூரிலிருந்து வண்டியில் வந்த ஆட்டுரலைப் பதித்தாள். அந்த உரலில் ஆட்டிய மாவுதான் என்னை ஓவர்சியர் ஆக்கியது. பாபநாசத்தில் வேலை கிடைத்தபோது என்னோடு வரச் சொன்னேன். “அங்கன யாருக்குலே இட்லி விக்க?” என்று கேட்டாள். வீடு போனால் கடை போகும். கடை போனால் அவளுக்கு ஒன்றும் இல்லை.

எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆனியில் சாரல் விழுந்ததும் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். ஆவணி முடியும்வரை வீடு சீசன்காரர்களுக்கு. அந்த மாதங்களுக்கு வாடகை கிடையாது. குடியிருந்தவர்கள் பின்னால் தொழுவத்தில் கிடப்பார்கள். சீசன் முடிந்ததும் சாவி திரும்ப வரும். எண்ணெய்க் கறையும் எச்சில் இலையும் கூடவே வரும். கழுவி வெள்ளையடிப்பது குடியிருப்பவர் செலவு. இந்த ஏற்பாட்டுக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சட்டி பானையெல்லாம் வெளியே வந்தாலும் உரல் மட்டும் வராது. உரல் கிடந்தால் ஆள் திரும்பி வருவார் என்று பொருள். உரலைத் தோண்டி எடுத்தால்தான் வீட்டைக் காலி செய்ததாகும். அடுத்தவர் உரலைப் பெயர்க்க ஊரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அம்மா சாரல் மாதங்களில், சொந்த வீட்டில் இருந்த பக்கத்து வீட்டு சைதூன் பீவியிடம் கேட்டு அவள் உரலில் ஆட்டி, தொழுவத்து வாசலில் விற்பாள்.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம் சாரல் பொய்த்தது. அருவி பாறையில் ஒட்டிய நூலாக இறங்கியது. சீசன்காரர்கள் யாரும் வரவில்லை. வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா வழக்கப்படி தொழுவத்தில் இருந்தாள். புரட்டாசியில் சாவியைக் கொடுக்க வந்த ஆவுடையப்பன் வாசலிலேயே ஆரம்பித்தார்.

“ஏ முப்பிடாதி, சாரல் மாச வாடகை நிக்கில்லா? சீசன் ரேட்டு.”

“எதுக்கு அண்ணாச்சி? சாவி ஒங்க மடியிலல்லா இருந்துச்சு.”

“ஒன் உரலு எங்கன கெடந்துச்சு?”

“அடுக்களையில.”

“அப்பம் வீடு யாரு கைவசம்?”

“நல்லாருக்கே! மழை பெய்யாததுக்கும் நானா வாடகை குடுக்கணும்? மேகத்துக்கிட்ட போயி கேளுங்க.”

நான் மழைமானி வாசிக்கப் படித்தவன். மழையளவு குறையக் குறைய வாடகை கூடும் என்ற சூத்திரத்தை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஆவுடையப்பனுக்கு அது பிறவியிலேயே தெரிந்திருந்தது. அம்மா ஐப்பசிக்குக் கொடுத்ததை ஆனிக்கு வரவு வைத்தார். அதனால் ஐப்பசி பாக்கி. கார்த்திகைக்குக் கொடுத்தது ஆடிக்குப் போனது. அதனால் கார்த்திகையும் பாக்கி. தை பிறப்பதற்குள், மாதம் தவறாமல் வாடகை கொடுத்த அம்மா பாக்கிக்காரி ஆகிவிட்டாள். பாக்கியைக் கட்டு, வீட்டையும் விடு என்று தென்காசி கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

அம்மாவுக்கு வக்கீல் யாக்கூப். சைதூன் பீவிக்குத் தம்பி முறை. கூண்டில் நின்ற ஆவுடையப்பனிடம் அதிகம் கேட்கவில்லை.

“உரலு கெடந்ததால வீடு இந்த அம்மா அனுபோகம்னு சொல்லுதீய. சரி. அதுக்கு முந்தின சாரல்ல உரலு எங்கன கெடந்துச்சு?”

“அங்கனதான்.”

“அதுக்கும் முந்தி?”

“பதிச்ச உரலுய்யா. நடந்தா போவும்?”

“அப்பம் அத்தனை சாரலுக்கும் வீடு இந்த அம்மாதான் அனுபவிச்சிருக்காவ. அங்கன தங்குன சீசன்காரங்க குடுத்த வாடகையெல்லாம் நீங்க எதுக்கு வாங்குனீய? அது இவங்களுக்குல்லா சேரணும்?”

ஆவுடையப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வராந்தாவில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“எசமான், அது வெறும் கல்லுதான்,” என்றார் கடைசியில்.

வெறும் கல் என்றால் அனுபோகம் இல்லை. அனுபோகம் இல்லையென்றால் பாக்கி இல்லை. வழக்கு தள்ளுபடியானது. திரும்பி வரும்போது அம்மா சொன்னாள்: “பாவம்லே. அத்தனை பேருக்கு முன்னால அண்ணாச்சி மூஞ்சி தொங்கிப்போச்சு.”

அடுத்த ஆனியில் அவர் வந்து “சாரல் விழுந்துட்டுல்லா?” என்றார். அம்மா சாவியைக் கொடுத்தாள்.

நான் கத்தினேன். அம்மாவோ, “கேஸு வேற, சாரல் வேறலே. சாரல் மாசம் அவருக்குள்ளது” என்றாள். கோர்ட்டில் ஜெயித்துவிட்டு மறுபடி தொழுவத்துக்குப் போனவளை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதை நேர்மை என்று பலர் என்னிடம் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் தொழுவத்தில் படுத்தவர்கள் அல்ல.

தொழுவத்துக் கூரைக்குச் சாய்வு போதாது. நீர் வடியாமல் உள்ளே இறங்கும். மாற்றித்தரச் சொல்லி ஆவுடையப்பனிடம் போனேன். “மாடு கெடந்த எடம் தம்பி. மாட்டுக்கு ஒரு கொறையும் வந்ததில்ல. நல்ல எடம்” என்றார். நானே ஓடு வாங்கி வந்தேன். அடுத்தவர் கூரையில் கை வைக்கக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள்.

போன ஆடியில் நல்ல சாரல். வீடு நிறைய ஆள். தொழுவத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு நெஞ்சில் சளி கட்டியது. அவளை வீட்டுக்குள் ஒரு மூலையில் படுக்கவைக்கலாமா என்று சைதூன் பீவி கேட்டுப் பார்த்தாள். “சீசன்காரங்க காசு குடுத்திருக்காங்கல்லா” என்று பதில் வந்தது. தந்தி கிடைத்து நான் வந்தபோது மூச்சு மட்டும் இருந்தது.

சீசன் முடிந்ததும் ஆவுடையப்பன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். புதுக்குடி ஒன்று தயாராக இருந்தது. உரல் கிடக்கும் வீட்டுக்குள் வரமாட்டோம் என்று அவர்கள் நின்றுவிட்டார்கள். எடுத்துப்போட ஆள் கூப்பிட்டாராம். செத்தவள் உரலை மகன்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் வரவில்லை.

“கல்லை எடுத்துட்டு சாவியைக் குடுத்துருங்க தம்பி,” என்று சாவியை என் கையில் வைத்தார். “ஆள்கூலி ஒங்களது.”

கூலியை மிச்சம் பிடிக்கத்தான் சாவியைத் தந்தார். நான் உள்ளே போனேன். உரல் குழியில் பழைய மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு வெளியே வந்து பூட்டிக்கொண்டு பாபநாசம் போய்விட்டேன்.

மாதாமாதம் மணியார்டரில் வாடகை அனுப்புகிறேன். வாங்காமல் திருப்பிவிடுகிறார். வாடகை பாக்கி, காலி செய்யவும் என்று நோட்டீஸ் மட்டும் வருகிறது. யாக்கூப் படித்துவிட்டுச் சிரித்தார். “வெறும் கல்லுன்னு சத்தியம் பண்ணுன மனுசன். இப்பம் அந்தக் கல்லுக்குப் பயப்படுதாரு.”

அந்த வீட்டால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை.

நேற்று ஆவுடையப்பனே பாபநாசத்துக்கு வந்தார். ஆனி பிறந்துவிட்டது. பஸ்ஸில் குடையைத் தொலைத்திருந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் நனைந்துகொண்டே பேசினார்.

“தம்பி, சாரல் விழுந்துட்டு. மதுரைக்காரங்க முன்பணம் குடுத்துட்டாவ. ஒங்கம்மா ஒரு வருசங்கூட சாவி இல்லன்னு சொன்னதில்ல.”

“அவங்களத் தொழுவத்துல தங்கச் சொல்லுங்க. நல்ல எடம்னு நீங்கதான சொன்னீய?”

அவர் என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். சாவி அதில்தான் இருந்தது. மழை வலுத்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை.