கொதிக்கும் கூழில் பார்லி

லிபெர்த்தா தெருவில் நான் வேலைக்கிருந்து பார்த்துக்கொண்ட முதியவர் இளமையில் அமெரிக்காவுக்குப் போய், கென்டக்கியில் ஒரு விஸ்கி வடிசாலையில் கூழ் காய்ச்சும் பகுதியில் வேலை செய்து, ஓய்வுபெற்றபின் இத்தாலிக்கு, பலெர்மோவுக்குத் திரும்பியவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் மிலானில் இருந்தார். அந்தப் பெரிய வீட்டில் அவரும் நானும்தான். காலையில் கோப்பி கொடுத்து, முகம் மழித்து, பல்கனிக் கதிரையில் இருத்தினால் போர்பன் விஸ்கி காய்ச்சத் தொடங்கிவிடுவார், வாயால்.

நாள் தவறாமல் ஒரு கொப்பியில் குறிப்பெழுதுவது என் பழக்கம். கிழமை, வானிலை, வாசித்த புத்தகம், கடைசி வரியில் அன்று யாருடன் கதைத்தேன் என்பது. பெரும்பாலான நாட்களில் அந்த வரியில் அவர் ஒருவரே இருந்தார். ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எழுதினேன்.

பாதிக்கு மேல் சோளம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அது போர்பன் இல்லை. அரைத்த சோளத்தை முதலில் கொதிக்கவைத்துக் கூழாக்குவார்கள். சூடு கொஞ்சம் இறங்கியதும் ரை என்ற தானியம். இன்னும் இறங்கியபிறகே முளைவிட்ட பார்லி. மாவைச் சர்க்கரையாக்குவது அந்த முளையிலுள்ள சத்துத்தான். கொதியில் போட்டால் அது செத்துவிடும்; பிறகு தொட்டி நிறையக் கூழ் இருக்கும், சாராயம் வராது. முந்திய வடிப்பில் மிஞ்சிய புளித்த நீரிலும் ஒரு பங்கைச் சேர்ப்பார்கள். ஈஸ்ட் போட்டுச் சில நாள் நுரைக்கவிட்டு, தூண்போல உயர்ந்த செம்புக் கலத்தில் ஒருமுறை, கொப்பரையில் மறுமுறை வடித்தால் தண்ணீர்போலத் தெளிவாக இறங்கும். நிறம், உட்புறம் கரியச் சுட்ட புது ஓக் பீப்பாயில் வருடக்கணக்காகக் கிடந்து வருவது. ஒரு பீப்பாயில் ஒருமுறைதான் போர்பன் ஊற்றுவார்கள்.

நகருக்கு வெளியே கடற்கரையில், ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் உணவகத்தில் கோப்பை கழுவும் என் ஊர்க்காரன் ஒருவன் எப்போதாவது போன் எடுப்பான்.

"அண்ணை, ஒரு சொட்டும் வாயிலை வைக்காத ஆள் நீங்கள். உங்கடை கொப்பி பொலிசிட்டை அம்பிட்டால் கசிப்புக் காய்ச்சின கேஸ்தான்."

"ஓமடா. பிணை எடுக்க நீ வருவாய்தானே."

"முதலாளி லீவு தந்தால் வாறன்."

அந்த இலையுதிர்காலத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, முதியவர் பார்லியைக் கொதிக்கும் கூழில் போட்டார். எங்கள் பேச்சு இத்தாலிய மொழியில். நினைக்கும்போது என் தமிழில்தான் வருகிறது.

"இன்னும் கொதிக்குது, சிஞ்ஞோரே," என்றேன்.

"ஓம், ஓம், பொறு." வாளியைப் பிடித்திருந்தவர்போலக் கையைப் பின்னால் இழுத்தார்.

கொப்பியில் சரியான வரிசையையே எழுதினேன். அதைத் திருத்தம் என்று நினைத்தேன். அடுத்த நாளிலிருந்து நானே முந்திக்கொண்டேன். "இப்ப சூடு இறங்கவேணும், என்ன?" "ஓம்." "அடுத்தது ரை?" "ஓம்." சில வாரங்களில் காய்ச்சுபவன் நானாகிவிட்டேன்.

ஞாபகம் மோசமானால் தன் வீட்டுக்கு அருகிலுள்ள முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவதாக மகள் சொல்லியிருந்தார். போனில் கேட்கும்போதெல்லாம், "அதே கதையைத்தான் சொல்லுறார், சிஞ்ஞோரா," என்றேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் வேலை இன்னொன்று கிடைக்கும். கடைசி வரியில் எழுத ஆள் கிடைக்காது.

நவம்பரில் மகள் வந்தார். சிறுவயதில் அந்த வடிசாலை வாசலிலேயே வளர்ந்தவர். பல்கனியில் தகப்பனுக்கு முன்னால் இருந்து, "அப்பா, கூழ் எப்பிடிக் காய்ச்சுறது?" என்று கேட்டார்.

"சோளம்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சூடு இறங்கினாப்பிறகு..." என்று வழக்கம்போலத் தொடங்கினேன்.

"நீங்கள் சொல்லாதேங்கோ. அவர் சொல்லட்டும்."

கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்று, திரும்பவும் போனது. முதியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பார்லி," என்றார். "கொதிக்கக் கொதிக்கப் போடு."

மகள் அவருடைய போர்வையைச் சரிசெய்துவிட்டுக் குசினிக்கு வந்தார். "எவ்வளவு நாளா?"

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கொப்பியைத் திறந்து எதையும் சொல்லியிருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அவர் பிழைவிட முன்னம் நான் சொல்லிப்போடுவன், சிஞ்ஞோரா."

"நேரத்தோடை டொக்டரிட்டைக் காட்டியிருக்கலாம்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை இருவரும் மிலானுக்குப் புறப்பட்டார்கள். முதியவரின் கோட்டுக்குப் பொத்தான் பூட்டி, லிஃப்ட் வரை கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோனேன். உள்ளே ஏறியவர், நான் வெளியே நிற்பதைக் கண்டார்.

"நீ வரேல்லையோ?"

"இல்லை, சிஞ்ஞோரே."

"அப்ப எனக்கு ஆர் சொல்லுறது?"

"நான் இருக்கிறன், அப்பா," என்று மகள் அவருடைய தோளைத் தொட்டார். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கதவு மூடும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.