உம்மா வாசித்த உயிரியல்

போன கிழமை சாச்சியின் மகள் எங்கள் வீட்டுக் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகம் இல்லை, ஃபோன்தான். கேள்வி வரும், விரலால் ஒன்றைத் தொடுவாள். சரியென்றால் பச்சை, பிழையென்றால் சிவப்பு. எத்தனை தரம் பிழைத்தாலும் ஃபோன் கோபிப்பதில்லை, மீண்டும் முயலுங்கள் என்கிறது. அந்த மரியாதையைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் கேள்வி கேட்டவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

நான் படித்தது கல்யாணக் கார்ட்டில். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் குறையாத சாமான் அது. தடித்த அட்டை, அச்சு மையும் அத்தரும் கலந்த வாசம். பின்பக்கம் வெறுமையாக இருக்கும். நாலாக வெட்டி, மேலே கேள்வி, கீழே விடை எழுதினேன். திருப்பினால் யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயர். இந்தப் பக்கம் சிறுநீரகத்தின், எங்கள் வீட்டுப் பேச்சில் குண்டிக்காயின், தொழில். தனியே படிக்கும்போது விடையைப் பெருவிரலால் மறைத்துக்கொள்வேன். என் பெருவிரலுக்கு நேர்மை போதாது. கொஞ்சம் தடுமாறினால் தானாக வழுக்கி விலகிவிடும். நானும் "ஓ, இது தெரிஞ்சதுதானே" என்று அடுத்ததுக்குப் போய்விடுவேன்.

அப்படித் தெரிந்துதான் முதல் தடவை உயிரியலில் தவறினேன். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். ஆகவே அதில் தவறிய முதல் ஆளும் நான்தான். கரைவலை இழுத்து மீன் பிடிக்கப் போகும் வாப்பா சத்தம் போடவில்லை. "இன்னொரு தரம் எழுது மகள். அதுக்குப் பொறகு மூணாந்தரம் எண்டு எங்கிட்டக் கேக்காத" என்றார். அவர் மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது.

கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகத்துக்கும் புருஷன் வீட்டுக்கும் போய்விட்டார்கள். கேள்வி கேட்க ஆளில்லை என்று நான் புலம்பிய ஒரு நாள் உம்மா, "இஞ்ச தா, நான் கேக்கன்" என்றார்.

"நீங்க எப்படி உம்மா வாசிப்பீங்க?"

"குர்ஆன் எழுத்துல எழுதித் தா. வாசிக்கன்."

உம்மா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் சின்ன வயதில் குர்ஆன் ஓதப் போனவர். அறபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய மார்க்கப் புத்தகம் ஒன்றையும் அங்கே ஓதியிருக்கிறார். நானும் குர்ஆன் ஓதிய பிள்ளைதான், உம்மாவிடம் கேட்டுக் கேட்டு அந்த முறையில் உயிரியல் எழுதினேன். இழைமணி, நொதியம், பச்சையவுருமணி எல்லாம் வலமிருந்து இடமாக ஓடின.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு, தொழுகைக்காக முகம் கைகால் கழுவிய அந்த வுழூவோடு உம்மா பாயில் உட்காருவார். குர்ஆன் எழுத்தல்லவா, வுழூ இல்லாமல் தொடமாட்டார். அட்டைகளை நிலத்தில் வைக்கவும் விடமாட்டார், மடியில் வெள்ளைத் துணி விரித்து அதில்தான். ஓதுகிற ராகத்திலேயே கேள்வி வரும். ஒரு சொல் மாறினாலும் "பிழை". அர்த்தம் ஒன்றுதான் என்று நான் வாதாடினால், "இதுல அப்படி இல்ல" என்று அட்டையைத் தெரியாதவற்றின் பக்கம் போடுவார். எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் இரண்டு மாதத்தில் என் பெருவிரல் திருந்திவிட்டது.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது இனப்பெருக்கப் பாடத்துக்கு வந்தேன். நாற்பது அட்டை. யோசிக்காமல் அதையும் அதே எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். உம்மா முதல் அட்டையை எடுத்தார். உதடு அசைந்தது. நின்றது.

"மகள், என்னது இது?"

"உடம்புப் பாடம் உம்மா."

"குர்ஆன்ட எழுத்துலயா?"

"நீங்கதானே கேட்டீங்க."

"நான் கேட்டது ஈரலையும் குண்டிக்காயையும். இத வுழூவோட எப்படிப் புள்ள வாசிக்க?"

அந்த நாற்பதை மட்டுமல்ல, இருந்த அட்டை எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் கட்டி, அலுமாரிக்கு மேலே குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். என் இரண்டு மாதம் அங்கே ஏறி உட்கார்ந்தது. நான் அழவில்லை. அதைவிடக் கெட்டதாக ஒன்று செய்தேன். "படிக்காத ஆளுக்கிட்டக் குடுத்தது என்ட பிழை" என்றேன்.

உம்மா அன்றும் மறுநாளும் சோறு வைத்தார், கதைக்கவில்லை. நான் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தேன். ஒரு வரியும் ஏறவில்லை. துணிக்கட்டு எட்டுகிற உயரத்தில்தான் இருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை.

மூன்றாம் நாள் அஸர் தொழுதபின் உம்மா கட்டை இறக்கிக்கொண்டு பாயில் வந்து இருந்தார்.

"அல்லாஹ் படைச்சதத்தானே எழுதியிரிக்காய்?"

"ஓம் உம்மா."

"அப்ப அத இந்த எழுத்துல எழுதினாக் குத்தமில்ல." அவர் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் தனக்குள்ளேயே வழக்குப் பேசித் தீர்த்திருக்கிறார். அட்டையை எடுத்தார். "ஆனா, வாப்பா வரக்குள்ள சத்தமாச் சொல்லிராத. அவர் வலையை விட்டுட்டு ஓடிருவார்."

நாற்பதையும் கேட்டார். முகம் சிவந்தபடியே, ராகம் மாறாமல். அந்த மூன்று கிழமையில் என்னை ஒரு சொல்லுக்கும் விடவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் நினைத்தேன். தினமும் அடுத்த கேள்வி வந்துவிடும்.

இரண்டாம் தடவை உயிரியலில் சித்தியடைந்தேன். பல்கலைக்கழகம் போனேன், இன்று அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. குர்ஆன் எழுத்துள்ள காகிதத்தைக் குப்பையில் போடக்கூடாது என்று, பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமை உம்மா அட்டைகளைக் கடலுக்குக் கொண்டுபோய், முழங்கால் தண்ணீரில் நின்று விட்டுவிட்டு வந்தார். நான் ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம்.

அட்டை போனால் போகட்டும். பட்டம் எடுத்து வந்ததிலிருந்து உம்மா என் பேச்சு எதையும் மறுப்பதில்லை, மீன் விலையைக்கூட. அன்று சாச்சியின் மகள் போனபின், கீரை ஆய்ந்துகொண்டிருந்த உம்மாவிடம் வேண்டுமென்றே கேட்டேன்.

"உம்மா, மனிசன்ட இதயத்துல மூணு அறைதானே?"

நாலு என்று என்னை நூறு தரம் சொல்ல வைத்தவர் அவர். நிமிர்ந்து பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு கீரைக்குக் குனிந்தார்.

"ஓம் மகள். படிச்ச புள்ள நீ சொன்னாச் சரிதான்."