அஞ்சலை அக்காவோட ஓட்டு

அஞ்சலை அக்கா போயிட்டாங்க.

காலைல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து, மூச்சு வாங்குதுன்னு உட்கார்ந்தாங்களாம்... அவ்ளோதான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கக்கூட நேரம் இல்லையாம்.

கிளியனூர் பக்கம் அவங்க ஊருக்குப் போயிட்டு, அக்காவை எடுத்ததும் கிளம்பிட்டேன். விழுப்புரம் பஸ்ல உட்கார்ந்து இதை டைப் பண்ணிக்கினு இருக்கேன். வீட்டுக்குப் போனா அழுதுடுவேன், எழுத மாட்டேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி அந்த ஊர் பால் சொசைட்டில நான் டெஸ்டர். வர்ற பாலை அளந்து, டெஸ்ட் பண்ணி, எழுதிக்கணும்.

பால் ஊத்த வர்றது பூரா பொம்பளைங்க. ஆனா மெம்பர் பூரா ஆம்பளைங்க. "மாணிக்கம்"னு நான் கூப்பிட்டா அவர் சம்சாரம் அஞ்சலை அக்கா பால் தூக்கை நீட்டுவாங்க. "ஏழுமலை"ன்னா ஏழுமலை வீட்டம்மா.

மெம்பர்தானே சொசைட்டி தேர்தல்ல ஓட்டு போடலாம்? ஸோ, ஒரு பொம்பளைக்கும் ஓட்டு கிடையாது.

ஒரு சொசைட்டி கூட்டத்தன்னிக்கு அக்கா வந்து வாசல்ல நின்னாங்க. மேலாபீஸ்ல இருந்து வந்த ஆபீசர் என்னம்மான்னு கேட்டாரு.

"பால் ஊத்துறவங்களுக்குத்தானே சார் சொசைட்டி? இங்க ஒக்காந்துக்கினு இருக்கிறவங்கள்ல யாரு ஊத்துறாங்கன்னு அந்தப் பொண்ணையே கேளுங்க"ன்னு என்னைக் கை காட்டிட்டாங்க.

ஊர்ப் பெரிய மனுஷங்க எல்லாம் என்னையே பார்க்கிறாங்க. யாரும் இல்ல சார்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்றது, நெஜம் அதானே.

அதுக்கப்புறம் அலைஞ்சாங்க பாருங்க ஒரு அலைச்சல்... திண்டிவனம், விழுப்புரம்னு ஆபீஸ் ஆபீஸா. கூடவே நாலஞ்சு பொம்பளைங்க. காலைல கறந்து ஊத்திட்டு பஸ் ஏறுவாங்க, சாயங்காலம் கறக்கிறதுக்குள்ள திரும்பிடணும். இன்னிக்கு என்ன சொன்னாங்கன்னு கேட்டா, அடுத்த வாரம் வரச் சொன்னாங்கன்னு சிரிப்பாங்க. கேக்குற எனக்குத்தான் பேஜாரா இருக்கும்.

ஒருவழியா பொம்பளைங்களும் மெம்பர் ஆனாங்க. மகளிர் குழுவுல கடன் எடுத்து மாடு வாங்கினவங்க எல்லாம் அவங்கவங்க பேர்லயே.

இதுல காமெடி என்னன்னா... அந்தத் தடவை சொசைட்டி டைரக்டர் பதவிக்கு மாணிக்கம் மாமாவே நிக்கிறாரு. பொம்பளைங்களுக்கு எதுக்கு ஓட்டுன்னு முதல்ல குதிச்ச மனுஷன், நம்ம வீட்ல ரெண்டு ஓட்டுன்னு தெரிஞ்சதும் கம்முனு ஆயிட்டாரு.

ஓட்டு நாள். பேர் கூப்பிடுற வேலை எனக்கு.

"தனலட்சுமி"ன்னு கூப்பிட்டேன். யாரும் வரலை. திரும்பவும் கூப்பிட்டேன். ம்ஹூம்... யாரு தனலட்சுமின்னு எனக்கும் தெரியலை.

ஆம்பளைங்க பக்கம் ஒரே சிரிப்பு. சொந்தப் பேரே தெரியலை, இதுங்களுக்கு ஓட்டு ஒரு கேடான்னு ஒருத்தர். ஆபீசர் வாட்சைப் பார்த்துட்டு, சரி, அடுத்த பேரைக் கூப்பிடும்மான்னாரு.

விட்டிருந்தா அந்த ஓட்டு போயிருக்கும். பின்னாடியே இன்னும் எத்தனை போயிருக்குமோ.

அஞ்சலை அக்கா வரிசையை விட்டு வெளிய வந்தாங்க. சத்தம் எல்லாம் போடலை. எனக்கு நேர் எதிர்ல நின்னுக்கினு இருந்த ஏழுமலை வீட்டம்மா தோள்ல கை வச்சாங்க.

"தனம், ஒன்னத்தான்டி. ஏழுமலைய இல்ல. ஒன்ன."

வருஷக்கணக்கா அந்த இடத்துல புருஷன் பேருக்கே தூக்கை நீட்டினவங்க. தன் பேரு காதுல விழுந்தும் அவங்களுக்கு உறைக்கலை. "நானா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் முந்தானையை இழுத்துச் சொருகிக்கினு நடந்தாங்க பாருங்க... அப்பா!

அதுக்கப்புறம் நான் கூப்பிடவே வேண்டியதில்லை. ஒவ்வொருத்தரா முன்னாடி வந்து அவங்க பேரை அவங்களே சொன்னாங்க. குப்பு. சரோஜா. மேரி. பச்சையம்மா. தினம் ரெண்டு வேளை பார்க்கிற மூஞ்சிங்க. பாதிப் பேர் பேரு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. இப்ப இந்த பஸ்லயும் அப்படித்தான் இருக்கு.

அக்கா எல்லாரையும் அனுப்பிட்டு கடைசியாப் போய் போட்டாங்க. வெளிய வந்ததும் மாமா ஓடி வந்து, "எனக்குத்தானே போட்ட?"ன்னு கேட்டாரு.

"யாருக்குன்னு வெளிய சொல்லக்கூடாதாம், ஆபீசரு சொன்னாரு"ன்னுட்டு அக்கா பாட்டுக்கு நடையைக் கட்டிட்டாங்க.

மறுநாள் பால் ஊத்த வந்தப்ப "அஞ்சலை"ன்னு கூப்பிட்டேன். தூக்கை நீட்டாம நின்னாங்க. இன்னொரு வாட்டி கூப்பிடு பாப்பான்னாங்க. கூப்பிட்டேன்.

மாமா தோத்துட்டாரு. கொஞ்சம் ஓட்டுலதான். அப்புறம் கேட்டாரு கேட்டாரு, அப்படிக் கேட்டாரு. கோவமா, கொஞ்சலா, தண்ணி போட்டுட்டு, போடாம... பேத்தி பொறந்த பின்னாடியும் விடலை. அக்கா வாயே தொறக்கலை.

நானும் போன்ல கேட்டிருக்கேன். போய் வேலையப் பாருடின்னு திட்டுவாங்க.

இன்னிக்கு ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல மாமா உட்கார்ந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும் கிட்ட கூப்பிட்டாரு. அழப்போறாருன்னு நெனைச்சேன். என் கையைப் பிடிச்சுக்கினு மெதுவா கேட்டாரு.

"ஒங்கிட்டயாவது சொன்னாளா பாப்பா?"

"இல்ல மாமா."

தலையை ஆட்டினாரு. அக்கா முகத்தைப் பார்த்தாரு.

"சொல்ல மாட்டா. அவ ஓட்டு அது."

போய் வாங்க அக்கா...