சிவப்பாக வந்த ஆயில்

தெருவில் அவளை டார்ச்சக்கா என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை உபயோகித்தது நூல் கடை முதலாளி ஒருவர்தான், அதுவும் கோபம் வந்தால் மட்டும். இந்தப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் அவள் புருஷன். அவர் காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே டார்ச் அடித்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான மறுவருஷம் ஆரம்பித்த வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற பெண்கள் என்ன செய்வார்கள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

புருஷன் பஸ் டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று டியூட்டி போடுகிறவர். அவர் நாற்காலிக்கு நேரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பட்டறை. ஸ்பானரைத் தொடாமலே, பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆன மனுஷன் அவர். அந்த ஜன்னல் வழியாக இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். மெக்கானிக் அத்தனை பேரும் திருடர்கள் என்பது ஒன்று. அவர்கள் செய்வதை இரண்டு கை உள்ள எவனும் செய்துவிடலாம் என்பது இன்னொன்று. முதலாவது எப்படியோ, இரண்டாவது எவ்வளவு பெரிய புளுகு என்பதற்கு அந்த வீட்டுத் தகர ஷெட்டே சாட்சி.

வைப்பருக்கு ரப்பர் மாற்றுகிறேன் என்று ஒருநாள் உட்கார்ந்தார். ரப்பரைக் கழற்றியதும் அதன் இரும்புக் கை படாரென்று திரும்பி அடித்து, முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது. கதவுக்குள் என்னவோ கடகடவென்கிறதே என்று கதவைப் பிரித்தார். ஜன்னல் கண்ணாடி உள்ளே விழுந்து, அந்த மழைக்காலம் முழுக்க பிளாஸ்டிக் தாள் ஒட்டிய காரில் நனைந்துகொண்டே போனார்கள். பாட்டரி மாற்றிய அன்றைக்கு ஹாரன் நிற்காமல் அலறி, தெருவே எழுந்து வாசலுக்கு வந்தது. எதைப் பிரித்துப் பூட்டினாலும் கடைசியில் ஒரு போல்ட்டாவது மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் தேவையில்லாம போட்டு வெச்சிருக்கான்" என்று அதைத் தூக்கி டப்பாவில் போடுவார். தன் கை தவறியது என்று மட்டும் ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

"டார்ச்சை ஒழுங்கா பிடிச்சிருந்தா இப்படி ஆகுமா? எங்கேயோ பராக்குப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கே."

ஆரம்பத்தில் அவளும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சொன்ன அன்றைக்குத் தட்டு நகர்த்தி வைக்கப்படும். பிறகு நாள் கணக்கில் பேச்சு கிடையாது, கதவுகள் மட்டும் பேசும். போகப் போக வாயைத் திறப்பதைவிட மூடிக்கொள்வது சுலபமாக இருந்தது. அவள் பயந்தவள் இல்லை, அலுத்தவள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நூல் கடையில் அவள் வேறு ஆள். தையல்காரர்கள் துணித் துண்டைக் கொண்டுவந்து நீட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான நூல்கண்டுகளுக்கு நடுவிலிருந்து சரியான ஒன்றை உருவுவாள். செங்கல் சிவப்பா, மிளகாய்ச் சிவப்பா, துவைத்துத் துவைத்து வெளுத்த சிவப்பா என்பதில் அவளை ஏமாற்ற முடியாது. யாராவது முரண்டு பிடித்தால், "வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்கண்ணே" என்பாள், அவ்வளவுதான். போனவர் தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வருவார். அங்கே அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

ஒரே மகள். பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிற வேலை. ஒரு ஹோட்டலில் சமையல் செய்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றாள்.

"கரண்டி பிடிக்கிறவனுக்கா என் பொண்ணு? அவனோட போறதுன்னா போயிடு. ஆனா இந்த வாசப்படியை மறுபடி மிதிக்காதே" என்றார் அப்பா.

மகள் கையில் பையோடு நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால், சமையலறை வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்த பார்வை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். மகள் போய்விட்டாள்.

அதன்பிறகு இரண்டு வருஷம் டார்ச்சக்கா பட்டதை யாரிடம் சொல்வது? மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் நின்று மகளுக்குப் போன் செய்வாள். மகள் எடுப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், வைத்துவிடுவாள். வீட்டிலோ புருஷனிடம் ஒரு நாள் விடாமல், சொட்டுச் சொட்டாகப் பேசிப் பேசி அவரைக் கரைத்தாள். சண்டை போட்டு அல்ல, கெஞ்சி. கடைசியில் ஒருநாள் அவர், "வரட்டும். நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். அவளுக்கு வேண்டியது நகையில்லை, நட்டில்லை. மகள் பிறந்த வீட்டுக்கு வந்து போகிறவளாக இருக்க வேண்டும், அதுதான்.

மகளும் மருமகனும் புதுக் காரில் வந்து இறங்கினார்கள். முதல் ஒரு மணி நேரம் வீட்டில் இருமல் சத்தம்தான் கேட்டது. பிறகு அப்பா வெளியே போய்க் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கிளட்ச்சே கிடையாதா?"

"கிடையாது மாமா. கியர் அதுவே மாத்திக்கும்."

"அதுவே மாத்திக்குமா! நம்ம கிட்ட கேட்காமலா?"

மருமகன் சிரித்துவிட்டான். அப்பாவும் சிரித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அவளுக்கு, இரண்டு வருஷமாக நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக அவர் அவளைத் தோளைத் தட்டி எழுப்பினார்.

"எழுந்திரு. டார்ச்சை எடுத்துட்டு வா. சத்தம் போடாதே."

"எதுக்குங்க?"

"மாப்பிள்ளை வண்டிக்கு ஆயில் மாத்திடலாம். அவங்க எழுந்துக்கறதுக்குள்ள முடிச்சு வெச்சுடணும்."

மாப்பிள்ளை என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டாள். மன்னிப்புக் கேட்கிற வாய் அவருக்கு இல்லை, அதைக் கையால் கேட்கப் பார்க்கிறார் என்று புரிந்துகொண்டாள். அந்தக் கை எப்பேர்ப்பட்ட கை என்பதை அந்த நிமிஷம் மறந்ததுதான் அவள் செய்த முதல் தப்பு.

மேஜையிலிருந்து சாவியை எடுத்து, காரை ஷெட்டுக்குள் தள்ளி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அவர் உள்ளே நுழைந்தார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஒரு போல்ட்டைத் திருகினார். ஆயில் தட்டில் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்த பழைய ஆயிலெல்லாம் கன்னங்கரேலென்று வரும். இது சிவப்பாக வந்தது. இருமல் மருந்து மாதிரி, தட்டின் அடி தெரிகிற தெளிந்த சிவப்பு.

"ஏங்க..."

"ஷ்! கையை ஆட்டாதே. வெளிச்சம் ஆடுது பாரு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே படுத்திருந்தார். அவருக்கு எண்ணெய் எண்ணெய்தான், நிறமெல்லாம் கிடையாது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, போனட்டைத் திறந்து, தன் வண்டிக்கு வாங்கி வைத்திருந்த ஆயில் டின்னைக் கவிழ்த்தார். அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால் ஆயில் கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தார். அப்போதும் அப்படித்தான்.

"வண்டி சாய்ஞ்சு நிக்குது. அதான்" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

ஒரு இடத்தில் எடுத்து வேறு இடத்தில் ஊற்றியிருக்கிறார் என்று அவளுக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பெயர் என்ன, எங்கிருந்து வந்த எண்ணெய் என்பதெல்லாம் தெரியாது. எஞ்சினிலிருந்து வந்ததில்லை என்பது தெரியும். இப்போது சொன்னால் என்ன ஆகும்? "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று கத்துவார். மருமகன் எழுந்து வந்து, கேட்காமல் பிரித்துப் போட்ட தன் காரைப் பார்ப்பான். பேச்சு தடிக்கும். மகள் பையைத் தூக்குவாள். அந்தப் பையை அவள் ஒருமுறை பார்த்துவிட்டாள், இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை. புது வண்டிகளுக்கு ஆயில் இப்படித்தான் இருக்குமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டாள். நூலில் அரைச் சாயம் தப்பினாலும் கண்டுபிடிக்கிறவள், அந்த நினைப்பை நம்பினாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை.

கிளம்பும்போது அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். "ஆயில் மாத்தியாச்சு மாப்பிள்ளை. இனிமே எவன்கிட்டயும் போய் ஏமாறாதீங்க."

மருமகன் முகம் ஒரு கணம் மாறியது. "போன மாசம்தான் சர்வீஸ் விட்டேன் மாமா... பரவாயில்லை. ரொம்ப தேங்க்ஸ்."

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்பா திருந்தவே மாட்டீங்களா?" என்றாள். பிறகு கார் ஜன்னல் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த மாசம் நாலு நாள் தங்கற மாதிரி வர்றேம்மா."

சொல்ல வந்ததை அவள் அந்தக் கைச்சூட்டில் விழுங்கிவிட்டாள். கார் தெருமுனையில் திரும்பும்வரை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் மருமகன் போன் செய்தான். ஆற்றுப் பாலத்தின் நடுவில் எஞ்சின் உறுமியிருக்கிறது, சக்கரம் சுற்றவில்லை. பின்னால் வந்த லாரி பிரேக் போட்டும் நிற்காமல் இடித்துவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு.

மறுநாள் பஸ் பிடித்துப் போனார்கள். சின்ன ஃபிளாட். மகள் சோபாவில் மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது. மருமகன் குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"கியர்பாக்ஸ்ல பேருக்குத்தான் ஆயில் இருந்துச்சாம் மாமா. எஞ்சின்ல ரெண்டு மடங்கு இருந்துச்சாம். கியர் ஆயில்னா சிவப்பா இருக்குமாம். ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க."

"சொல்லுவாங்க. திருட்டுப் பசங்க. என் கையால எடுத்தேன், பழைய ஆயில் கறுப்பா வந்துச்சு." அவர் மனைவி பக்கம் திரும்பினார். "நீதானே டார்ச் பிடிச்சே? சொல்லேன். கறுப்பாத்தானே வந்துச்சு?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள். சமையலறை வாசலில் நின்ற அன்றைக்கு வராத வார்த்தை இன்றைக்காவது வரட்டும் என்று அவள் மகளையே பார்த்துச் சொன்னாள்.

"இல்லீங்க. சிவப்பா வந்துச்சு."

அவர் மகளின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. "எனக்குத் தெரியலையேம்மா" என்று சோபா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருஷத்தில் யாரும் பார்க்காத அழுகை. மகள் இடது கையை அவர் தலைமேல் வைத்தாள்.

"விடுங்கப்பா. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "நீ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன்."

"தப்புன்னு தெரியுமா?"

"என்னமோ தப்புன்னு தெரிஞ்சுது. மறுபடியும் சண்டை வந்துடுமோன்னுதான்... நீ அப்பத்தான் வந்திருந்தே..."

"கேட் கிட்ட என் கையைப் பிடிச்சிக்கிட்டு நின்னியே. அப்பவும் தெரியுமா?"

அவள் மகளின் மாவுக்கட்டைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரிஞ்சே எங்களை அனுப்பி வெச்சிருக்கே." மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அன்னிக்கும் இப்படித்தான் பார்த்துக்கிட்டு நின்னே."

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் சொன்னார்: "கண்ணால பார்த்துட்டும் வாயைத் திறக்கலையே நீ." வாழ்நாளெல்லாம் அவள்மேல் பழி போட்டவர். அன்றைக்குத்தான் அந்தப் பழியில் உண்மை இருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகள் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மதியம் கடைக்குப் பின்னாலிருந்து போட்ட போன்கள் அடித்து அடித்து ஓய்ந்தன. ஆனால் வாராவாரம் அப்பாவுக்குப் போன் வந்தது. கட்டுப் பிரித்தாயிற்று, கத்தரிக்கோல் பிடித்தால் இன்னும் வலிக்கிறது, இன்ஷூரன்ஸ்காரர்கள் இழுத்தடிக்கிறார்கள், எல்லாம் அவரிடம்தான். ஒருநாள் அவரும் மகளும் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். வயிறு எரிந்தது. இந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டு வருஷம் கெஞ்சினாள். அது வந்துவிட்டது, அவளை மட்டும் வெளியே நிறுத்திவிட்டு.

அவர் காது மந்தமாகிக்கொண்டு வந்ததால் போனை மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில்தான் பேசுவார். அன்றைக்கும் அப்படித்தான். எதிர் நாற்காலியில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் மருமகன் குரல் கேட்டது.

"அத்தை இருக்காங்களா? போனைக் குடு, நான் ஒரு வார்த்தை பேசிடறேன். எத்தனை நாள் இப்படியே இருக்கறது?"

அவள் கை துணிமேல் அப்படியே நின்றது.

"அம்மா வீட்ல இல்லை" என்றாள் மகள் அவனிடம். பிறகு போன் பக்கம் வந்து, "இல்லைதானேப்பா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். பிறகு கண்களைப் போனுக்குத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"ஆமாம்மா. வெளியே போயிருக்கா."