ஸ்டிக்கர் பொட்டு

என் அத்தையின் கல்யாணம் நெற்றியில் விழுந்த ஒரு வெள்ளைப் புள்ளியால் நின்றுபோயிற்று என்று ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் இன்னமும் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தக் கல்யாணத்தை நிறுத்தியது அத்தை. அதை ஒப்புக்கொள்ள யாருக்கும் வாய் வருவதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு அப்போது பத்து வயது, தங்கைக்கு ஆறு. அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, இருபதைத் தாண்டியிருந்தாள். வீட்டில் இரண்டு பட்டுத் தறிகள். ஒன்றில் அப்பா உட்காருவார், இன்னொன்றில் அத்தை. வந்தவாசியில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் முடிந்து, தை மாதம் முகூர்த்தம் என்று பேசியிருந்தார்கள்.

எங்கள் தெருவுக்கு ஸ்டிக்கர் பொட்டு வந்து சேர்ந்ததும் அந்த வருடம்தான். அதுவரை சாந்தும் குங்குமமும்தான். தறியில் குனிந்து வேலை செய்கிறவளுக்கு வியர்வையில் குங்குமம் கரைந்து மூக்கில் இறங்கும்; ஒரு சொட்டு பட்டில் விழுந்தால் சேலை போச்சு. ஸ்டிக்கர் கரையாது, அழியாது. அத்தை வளையல் கடையில் ஓர் அட்டை வாங்கிவந்து, பாதியைக் கிழித்து அம்மாவிடம் கொடுத்தாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே மாதிரிப் பொட்டோடு வளைய வந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. குளிக்கப் போகும்போது அத்தை பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவைப்பாள். வந்து மறுபடி நெற்றிக்கு மாற்றிக்கொள்வாள்.

சில மாதங்களில் அரிப்பு வந்தது. சொறிந்துகொண்டே நெய்தாள். புரட்டாசியில் ஒரு நாள் பொட்டை எடுத்தபோது அடியில் தோல் வெளுத்திருந்தது. பொட்டு எவ்வளவு வட்டமோ அவ்வளவு வட்டம். பார்த்தவர்களில் ஒருவர்கூட இது பொட்டின் வேலையாக இருக்குமோ என்று கேட்கவில்லை. எல்லோர் வாயிலும் வந்தது ஒரே வார்த்தை: வெண்குஷ்டம்.

அப்பா அம்மாவிடம், "புள்ளைங்க இருக்கிற வூடு. தனியா வெச்சிடு," என்றார்.

அன்றைக்கே அத்தைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். அம்மா சோற்றைப் போட்டுத் தட்டைத் தரையில் தள்ளிவிடுவாள். நான் அத்தையோடு படுக்கப் போனால் கையைப் பிடித்து இழுத்து வருவாள். மீன் கூடாது, எலுமிச்சை கூடாது என்றார்கள். தறியில் உட்காரக் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அத்தை தொட்ட டம்ளரில் நாங்கள் தண்ணீர் குடிக்கக் கூடாது. அத்தை நெய்த சேலையை எந்த ஊர்ப் பெண்ணும் கட்டிக்கொண்டு மணவறையில் உட்காரலாம்.

நாட்டு வைத்தியர் ஒருவர் கார்போகரிசி என்ற மூலிகை விதையை அரைத்துப் பூசிக்கொண்டு, உச்சி வெயிலில் முகத்தைக் காட்டச் சொன்னார். மூன்றாம் நாள் நெற்றி கொப்புளித்து உடைந்து, கண் இமை வரை வீங்கிவிட்டது. மருந்து பிடிக்கிறது என்றார் வைத்தியர்.

அதற்குள் செய்தி வந்தவாசிக்குப் போய்விட்டது. குஷ்டம் இல்லை என்று பெரிய டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சீட்டுக்காகத்தான் அப்பா அத்தையை வேலூருக்கு அழைத்துப் போனார். கொப்புளத்துக்காக இல்லை. அத்தை என்னையும் கூட்டிக்கொண்டாள்.

தோல் வியாதி பார்க்கிற இடத்தில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் அத்தையின் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அத்தையை இன்னொருவர் தொட்டு நான் பார்த்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஞ்சைத் திரி மாதிரி உருட்டி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, புள்ளியின்மேல் மெல்லத் தொட்டார். தொட்ட போதெல்லாம் அத்தை சரியாகச் சொன்னாள். உணர்ச்சி இருக்கிறது, இது குஷ்டமே இல்லை என்றார். கொப்புளம் வந்த கதையைக் கேட்டபோது மட்டும் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"நெத்தியில என்ன பொட்டு வைப்பீங்க?" என்று அடுத்துக் கேட்டார். ஒரு மாதமாக யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி.

அத்தை பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் இரண்டு பொட்டுகளை அத்தையின் முதுகில் ஒட்டி, பக்கத்திலேயே வெறும் பிளாஸ்திரித் துண்டு ஒன்றையும் ஒட்டி, இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக் கூடாது என்று அனுப்பினார். மூன்றாம் நாள் நானும் அத்தையும் மட்டும் பஸ் ஏறினோம். பிரித்துப் பார்த்தபோது, வெறும் பிளாஸ்திரி இருந்த இடம் சும்மா இருந்தது. பொட்டு இருந்த இரண்டு இடமும் சிவந்து தடித்திருந்தன. டாக்டர் ஒரு நோட்டில் முதுகைப் படமாக வரைந்து குறித்துக்கொண்டார்.

"நோய் உங்க ரத்தத்துல இல்ல. இந்தப் பொட்டோட பசையில இருக்கு," என்றார். களிம்பும் சீட்டும் எழுதிக் கொடுத்தார். நிறம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார். பிறகு, "ஒருத்தருக்கு வந்தா அது அவங்க உடம்பு வாகுன்னு தள்ளிடுவாங்க. நாலு பேரைப் பரிசோதிச்சா, பசையில எது இப்படிப் பண்ணுதுன்னு கண்டுபிடிச்சு எழுதலாம். உங்க ஊர்ல வேற யாருக்காவது இருந்தா கூட்டிட்டு வாங்க," என்றார்.

அத்தை மூன்று நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போனாள். ஸ்டிக்கர் வைத்த பெண்கள் எல்லோரும் நெற்றிக்குக் கையைக் கொண்டுபோனார்கள். எல்லோரும் இல்லை என்றார்கள். கடைசியாக வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் அம்மா.

எனக்குத் தெரியும். அத்தைக்கு வெளுப்பதற்கு முன்னாலேயே அம்மா ஸ்டிக்கரை விட்டுவிட்டு ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம் வைக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு நாள் அவள் முகம் கழுவும்போது நெற்றி நடுவில் வெள்ளையாகப் பார்த்துக் கேட்டேன். விபூதி என்றாள். அம்மா சொன்னதால் அப்போது நம்பினேன்.

அன்று சாப்பாட்டின்போது அதை உடைத்தேன். "அம்மா நெத்தியிலயும் இருக்குதுப்பா. குங்குமத்த அழிச்சிப் பாரு."

அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தை எழுந்து கை கழுவி வந்து, முந்தானையின் ஈர நுனியால் அம்மாவின் நெற்றியைத் துடைத்தாள். அம்மா விலகவில்லை. அதே வட்டம்.

"எப்பலேர்ந்து அண்ணி?"

"ஆடி மாசம்."

"பொட்டாலதான்னு தெரியுமா?"

"அரிச்சிகினே இருந்துது. அதான் எடுத்துட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அத்தை தன் தட்டை எடுத்துவந்து எனக்கும் தங்கைக்கும் நடுவில் உட்கார்ந்து மிச்சச் சோற்றைத் தின்று முடித்தாள். யாரும் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா அத்தையோடு வேலூருக்குப் போனாள். அம்மா போனது தெரிந்ததும் தெருவில் இன்னும் இரண்டு பேர் போனார்கள். டாக்டர் கேட்ட நாலு பேர் ஆயிற்று.

சீட்டைக் கேள்விப்பட்டு மாப்பிள்ளை வீட்டார் பழத்தட்டோடு வந்தார்கள். அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பாய் விரித்தார். அத்தை தறியை விட்டு இறங்காமலே, "சீட்டுல குஷ்டம் இல்லன்னுதான் போட்டிருக்குது. உங்க வூட்டுக்கு வர்றேன்னு போடல," என்றாள். ஊரெல்லாம் திமிர் என்றது. மூன்று வருடம் கழித்துப் போளூர் பக்கத்தில் ஒருவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். அது கடைசிவரை முழுதாக மறையவில்லை.

அம்மாவோடு அத்தை ஒரு வழியாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஆரம்பிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவிடம் தலை வாரிக்கொள்ளக்கூட உட்காரவில்லை. இரண்டு பெண்களைப் பெற்றவள், தன் நெற்றியையும் காட்டியிருந்தால் அடுத்து யாருக்குப் பாய் தனியாகப் போயிருக்கும், பிறகு எங்கள் இருவரையும் எவன் கேட்டு வந்திருப்பான் என்று அவள் நினைத்திருப்பாள். நான் நினைக்கவில்லை. அவள் யாருக்குப் பயந்தாள் என்று கேட்கவும் தோன்றவில்லை. அந்த வருடம் முழுக்க, அம்மாவின் மேல் உள்ள கோபத்தை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே, அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, அவர் இடுப்பைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தேன். அப்பாவும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே மிதித்தார்.