நுமாதா சுமியேயின் இருபத்தெட்டு மில்லிமீட்டர்

பன்னிரண்டு வருடமாக அந்தத் துப்பாக்கி சுமியேயின் தோளை இடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக எல்லோரும் தோளைத்தான் குறை சொன்னார்கள்.

தொகாச்சி சமவெளியில் எங்கள் ஊருக்கு வடக்கே, மலையடிவாரத்துக் கடைசிப் பண்ணை நுமாதா சுமியேயுடையது. வயது ஐம்பத்தேழு. கணவர் இறந்த பிறகு நாற்பத்திரண்டு மாடுகளையும், அவற்றுக்குத் தீவனமாகும் சோளத்தையும் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். சோளம் பால் பிடிக்கும் சமயத்தில் மலையிலிருந்து மான்கள் இறங்கும். ஒரே இரவில் முப்பது வரிசையைத் தின்றுவிட்டுப் போகும். வேட்டைக்காலம் அல்லாத மாதங்களில் மானைச் சுட ஊர் அமைத்த குழுவுக்கு மட்டும்தான் அனுமதி. குழுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் தன் சோளத்தைத் தின்னும் மானைத் தன் வேலியோரம் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பத்தொன்பது ஆண்களுக்கு நடுவே சுமியேயின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

சென்ற ஏப்ரல் தொடக்கத்தில், காட்டுக்குள் பனி இன்னும் முழங்கால் அளவு கிடந்தபோது, அவர் ஒரு மானைச் சுட்டார். துப்பாக்கியைத் தூக்கும்போது தோளில் பதியும் மரக்கட்டையின் பின்முனை கனத்த கோட்டின் அக்குளில் சிக்கிக்கொண்டது. குண்டு நெஞ்சில் படாமல் வயிற்றில் பட்டது. மான் ஓடிவிட்டது. சுமியே ரத்தத் தடத்தைப் பிடித்து ஐந்து மணி நேரம் நடந்து அதைக் கண்டுபிடித்து முடித்துவைத்தார். வழியில் ஓடைக்கரையில் சறுக்கி விழுந்ததில் துப்பாக்கிக் கட்டை, கை பிடிக்கும் இடத்தில் விரிசல் விட்டுவிட்டது.

குழுத்தலைவர் குவாகாட்டா குழுவின் பதிவேட்டில் எழுதினார்: "தவறிய சூடு. காரணம்: சுடுபவரின் பலம் போதாமை." அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அக்டோபர்ல சுடுகளத்துல அஞ்சு குண்டு போட்டுக் காட்டுங்க, வீட்டுக்காரம்மா," என்றார். அவர் சுமியேயை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "நூறு மீட்டர். ஒண்ணு வட்டத்துக்கு வெளியில போனாலும் பட்டியல்ல பேர் இருக்காது. தப்பா நினைக்காதீங்க, மானுக்காகத்தான் சொல்றேன்."

மற்றவர்களில் எவருக்கும் சுடுகளச் சோதனை இல்லை. குவாகாட்டாவே முந்தைய வருடம் இரண்டு மான்களைக் காயத்தோடு தப்பவிட்டார். அதற்கு அவர் எழுதிய காரணம் "காற்று".

நான் கதவு, ஜன்னல் செய்யும் தச்சன். எனக்கும் துப்பாக்கி உண்டு; குழுவில் நானும் ஒருவன். என் துப்பாக்கிக்கு நானே கட்டை மாற்றியவன் என்பதால் சுமியே என் பட்டறைக்கு வந்தார்.

"பசை போட்டா நிக்குமா, தச்சரே?"

"நிக்கும். ஆனா அதுல என் கன்னத்தை வைக்க மாட்டேன்."

"அப்ப புதுசுதான்."

புதுக் கட்டை என்றால் முதலில் அளவு. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம் ஆளுக்கு ஆள் மாறும். முழங்கையை மடக்கச் சொல்லி அளந்தேன். முந்நூற்று நாற்பத்தைந்து மில்லிமீட்டர். எழுதிக்கொண்டேன்.

"சட்டையோடயா மான் சுடப் போறேன்?" என்றார் சுமியே.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் வண்டியிலிருந்து குளிர்காலக் கோட்டையும் ஆரஞ்சு மேலங்கியையும் எடுத்து, மே மாத வெயிலில் போட்டுக்கொண்டு நின்றார். மறுபடி அளந்தேன். முந்நூற்று முப்பத்திரண்டு. உடைந்த கட்டையையும் அளந்தேன். முந்நூற்று அறுபது. என்னைவிட ஒரு சாண் உயரமான ஆளுக்குப் பொருந்தும் கட்டை. அதை வைத்துக்கொண்டு கழுத்தை நீட்டி, துப்பாக்கிமேல் பொருத்திய தொலைநோக்கியின் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரியத் தெரியச் சுட்டிருக்கிறார் இந்த மனுஷி. பாதிக்கு மேல் அடித்தும் இருக்கிறார். பலம் போதாதாம்!

நகரத்துத் துப்பாக்கிக் கடையில் வால்நட் கட்டைக்குச் சொன்னார். படிவத்தில் 332 என்று தெளிவாக எழுதியதை நான் பார்த்தேன். ஆகஸ்டில் கட்டை வந்தது. நல்ல மரம், நேரான ரேகை. அளவுகோலை வைத்தேன். முந்நூற்று அறுபது.

சுமியே பட்டறையிலிருந்தே கடைக்காரரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

"ஆமா, அதை நான்தான் திருத்தினேன்," என்றார் கடைக்காரர் இனிமையாக. "நீங்க ஏதோ தப்பா அளந்துட்டீங்கன்னு நினைச்சேன். முந்நூத்தி அறுபதுதான் வழக்கமான அளவு."

"யாரோட வழக்கம்?"

"எல்லாருக்கும்தான், நுமாதா-சான். பழகப் பழகச் சரியாயிடும். துப்பாக்கிக்கு நாமதான் பழகணும்."

"உங்க கடையில செருப்பையும் இப்படித்தான் விப்பீங்களா?"

மறுமுனையில் சிரிப்பு. சுமியே சிரிக்கவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு என் ரம்பத்தைப் பார்த்தார்.

"வெட்டிடலாமா?"

"முதல்ல காவல் நிலையம்."

உரிமப் புத்தகத்தில் துப்பாக்கியின் மொத்த நீளம் எழுதியிருக்கும். வசந்தகால ஆய்வில் காவலர் நாடா வைத்து அளப்பார். எண் ஒத்துப்போகாவிட்டால், சோளம் மட்டுமல்ல, துப்பாக்கியும் போய்விடும். அதனால் சொல்லாமல் ரம்பத்தைத் தொடுவதில்லை. மறுநாள் காவல் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னால் நிஷிகேன் என்ற இளம் காவலர். படிவத்தில் "மாற்றத்துக்கான காரணம்" என்றொரு கட்டம். சுமியே அதில் "என் கையின் நீளம்" என்று எழுதினார்.

காவலர் இரண்டு முறை படித்தார். "கை... குறைஞ்சுபோச்சா?"

"பொறந்ததுலேர்ந்து இதே கைதான். இதுவரைக்கும் யாரும் கேக்கலை."

காவலரின் காது சிவந்துவிட்டது. புதிய நீளத்தை எழுதும் அவசரத்தில் சுமியே 1052 என்பதற்கு 1025 என்று போட்டுவிட்டார். அடித்துக் கிறுக்கப் போனவரை நிஷிகேன் தடுத்தார். எங்கள் பக்கம் கையெழுத்துக்குப் பதில் அவரவர் பெயர் முத்திரைதான்.

"மேல ரெண்டு கோடு போட்டு, பக்கத்துல உங்க முத்திரையை வைங்க. பழசும் படிக்கத் தெரியணும். யார் எழுதினாங்களோ அவங்கதான் திருத்தணும், இல்லேன்னா செல்லாது."

அதன்பிறகுதான் வெட்டினேன். வெட்டுவது ஒரு நிமிட வேலை. இரும்புக் குழலை மரத்தில் உட்காரவைப்பதுதான் வேலை. அதில் ஒரு சிக்கல்: மரக்கட்டையை நான் தொடலாம், ஆனால் சுமியேயின் பெயரில் உரிமம் உள்ள இரும்பைச் சுமியே தவிர வேறு யாரும் கையாளக் கூடாது. ஒரு மணி நேரம்கூட அதை என் பட்டறையில் விட்டுவிட்டுப் போக முடியாது. காலைக் கறவைக்கும் மாலைக் கறவைக்கும் இடையில் அவர் குழலோடு வந்து குழலோடு போனார். கழிப்பறைக்குப் போனாலும் உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

"பால்குடி மறக்காத பிள்ளை," என்றார் திரும்பி வந்து.

இழைப்புளியின் மரத்தில் இரும்பை உட்காரவைக்கும் அதே முறைதான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் பூச வேண்டும். பூசியவர் அவர். நேராக இறக்கி, அழுத்தி, நேராகத் தூக்கியவரும் அவர். மரத்தில் கறுப்பு ஒட்டிய இடத்தை மட்டும் நான் உளியால் சுரண்டினேன். மறுபடி பூச்சு, மறுபடி இறக்கம். முதலில் இரண்டே புள்ளிகள். நான்கு நாள் கழித்து, அறுபது எழுபது தடவை இறக்கித் தூக்கிய பிறகு, கறுப்பு எங்கும் சீராக ஒட்டியது. கன்னம் படும் மேட்டையும் கொஞ்சம் இழைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளுக்குத் தூக்கச் சொன்னேன். எங்கும் சிக்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

"கறுப்பு வளையம் இல்லை," என்றார். துப்பாக்கியை இறக்கினார். பிறகு, "பன்னெண்டு வருஷம்," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை. சுடுகளத்தில் குழு முழுவதும் கூடியிருந்தது. சுமியே படுக்கவில்லை, உட்கார்ந்து சுட்டார், காட்டில் சுடுவது போலவே. ஐந்து குண்டுகள். குவாகாட்டா தொலைநோக்கியில் நெடுநேரம் பார்த்தார். ஐந்தும் ஒரு சோற்றுக் கிண்ணத்தின் வாய்க்குள் அடங்கும்.

"துப்பாக்கி நல்லாயிருக்கு," என்றார்.

"துப்பாக்கி பழைய துப்பாக்கிதான்," என்றேன் நான்.

குவாகாட்டா பதிவேட்டைத் திறந்து எழுதினார்: "துப்பாக்கி பழுது நீக்கப்பட்டது. தேர்ச்சி." சுமியேயின் பக்கம் நகர்த்தினார். "முத்திரை வைங்க, வீட்டுக்காரம்மா. பட்டியல்ல பேர் இருக்கும். சந்தோஷம்தானே?"

சுமியே பக்கங்களைப் பின்னால் புரட்டினார். ஏப்ரலில் நிறுத்தினார்.

"இதைத் திருத்துங்க."

"எதை?"

"பலம் போதாமைன்னு எழுதியிருக்கே, அதை."

"அது முடிஞ்சுபோன கதை. நீங்கதான் தேறிட்டீங்களே."

"அடுத்த தலைவர் இதைப் படிப்பார். நான் போன பிறகு இன்னொரு பொண்ணு குழுவுக்கு வந்தா, அவளுக்கும் இதைத்தான் காட்டுவாங்க. ரெண்டு கோடு போட்டு முத்திரை வைங்க. நீங்க எழுதினது, நீங்கதான் வைக்கணும்."

குவாகாட்டா சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருப்பார். "முத்திரை வீட்ல இருக்கு."

"போயிட்டு வாங்க. நான் இருக்கேன்."

சுமியே உறையிட்ட துப்பாக்கியை மடியில் வைத்து, பதிவேட்டின் முன் உட்கார்ந்தார். தேர்ச்சிக் குறிப்பில் சுமியே தன் முத்திரையை வைக்காமல் ஏட்டை மூட முடியாது. ஏட்டை மூடாமல் யாரும் கலைய முடியாது. பதினெட்டு பேர் நின்றுகொண்டிருந்தோம். கடைசியில் கிழவர் ஹொனாமி, "தலைவரே, இருபது நிமிஷ வழிதானே. எங்களுக்கும் பசிக்குது," என்றார். குவாகாட்டா வண்டியின் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். சுமியே பையிலிருந்து உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டையை எடுத்துத் தின்றார்.

திரும்பி வந்த குவாகாட்டா பேனாவைப் பிடித்துக் கையாலேயே கோடு இழுக்கப் போனார். என் பையில் இருந்த இரும்பு அளவுகோலை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். இரண்டு கோடு. பக்கத்தில் முத்திரை.

"காரணம்னு என்னதான் எழுதறது?" என்றார் எரிச்சலோடு.

"கட்டை இருபத்தெட்டு மில்லி கூடுதல் நீளம்," என்றார் சுமியே.

எழுதினார். சுமியே அதை விரலால் தொட்டு ஒருமுறை படித்தார். பிறகு தன் முத்திரையை எடுத்து, ஊதி, தன் கட்டத்தில் அழுத்தினார். மாலைக் கறவைக்கு நேரமாகிவிட்டது. டீக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.