ஹல்துமுல்லைக்கு வராத பெட்டி

உல்லாசக் கப்பலின் சலவைப் பிரிவில் வேலை செய்த என் கணவர், ஒப்பந்தம் முடிந்து டிசம்பரில் எங்கள் மலையூரான ஹாலிஎலைக்குத் திரும்பினார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டத்துக் கூட்டாளி திரும்பவில்லை. விபத்தில் ஆள் இறந்துவிட்டதாக அவர் வீட்டுக்குத் தகவல் வந்திருந்தது. இவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் பக்கம் விடாத மழை, குளிர். பள்ளிக்கூட விடுமுறைக்குக் கடல் பார்க்க வேண்டும் என்று மகள் நச்சரித்ததால் காலிக் கடற்கரைக்குப் போனோம். வெயிலில் அவள் அலையைத் துரத்தி விளையாடினாள். இவர் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்.

பிற்பகல் கோட்டைக்குள் இருக்கும் கடல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். துறைமுகத்தில் மூழ்கிய பழைய ஒல்லாந்தர் கப்பலிலிருந்து எடுத்த பொருட்கள் அங்கே இருந்தன. ஒரு தோல் சப்பாத்துக்கு முன்னால் இவர் நின்றுவிட்டார்.

"ஏங்க, போகலாமா?"

"எத்தனையோ காலத்துக்கு அப்புறம் சப்பாத்தக்கூடத் தேடி எடுத்திருக்காங்க. அவன ஒரு பகல் தேடிட்டு விட்டுட்டாங்க."

மகளைத் தள்ளி விளையாட விட்டுவிட்டு, வெளியே மர நிழலில் உட்கார்ந்து மீதியைச் சொன்னார். குளிர்காலப் பயணிகள் ஏறியதும் மேல்தளத்தில் விருந்து. வேலை முடிந்து பின்தளத்துக்குப் போன கூட்டாளியைக் காணவில்லை. விழுந்தாரா, குதித்தாரா என்று யாருக்கும் தெரியாது. கப்பல் திரும்பி வட்டமிட்டது. பயணிகள் கம்பியில் சாய்ந்து பார்த்தார்கள். பிறகு கப்பல் தன் வழியில் போனது, பாட்டும் மறுபடி தொடங்கியது.

"அவன் படுக்கை விரிப்பையும் நான்தான் தொவைச்சேன்," என்றார்.

வீட்டுக்கு நேரே போகாமல் ஹல்துமுல்லைக்குப் போனோம். மகள் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாட ஓடிவிட்டாள். லயத்து வீட்டு வாசலிலேயே கூட்டாளியின் தாய் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க தம்பி. பெட்டி எப்ப வரும்னு ஏதாச்சும் தெரியுமா? அவங்க அப்பா குழிக்குப் பக்கத்துலயே எடம் ஒதுக்கி வச்சிருக்கோம்."

"பெட்டி வராதும்மா. கடல்ல விழுந்துட்டான். ஒடம்பு கெடைக்கல."

"கடல்லயா?" அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அவனுக்கு நீந்தத் தெரியாதே தம்பி."

இவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். இவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

தைப்பொங்கல் கழிந்து, கூட்டாளியின் சட்டை ஒன்றை அவருக்கு ஒதுக்கிய இடத்தில் புதைத்தார்கள். இவர் போய்க் குழி வெட்டிக் கொடுத்தார். கப்பலுக்கு மறுபடி கூப்பிட்டார்கள், போகவில்லை. இப்போது பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறார். மகள் இன்னும் காலியைப் பற்றிப் பேசுகிறாள். அவளிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை.